பின்னால் வரும் பஸ்

பஸ் வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள். கல்முனையில் அக்கரைப்பற்றுப் பக்கம் போவதற்காக வெயிலில் நின்றோம். சோற்றுக்கூடையோடு நின்ற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் திடீரென்று சினந்தார்.

“ஒரு பஸ்ஸாவது ஓடப்படாதா? மனிசர்ர கஷ்டம் விளங்காத ஆக்கள்!”

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தம்பி, நீங்க அக்கரைப்பற்று பஸ் ட்ரைவர்தானே?”

“ஓம் ராத்தா. நானும் ஸ்ட்ரைக்தான்.”

“அப்ப ஆர ஏசுறீங்க?”

“நான் என்ட பஸ்ஸத்தானே நிப்பாட்டின. எல்லாருமா நிப்பாட்டுற? உம்மா அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியில கிடக்கா. கலியாணம் முடிச்சு பொண்டாட்டிர ஊட்டோட மருதமுனையில இரிக்கிறவன் நான். நடந்தா போற?”

“என்ட மகளும் அங்கதான் கிடக்காள். முந்தநாள் இதே இடத்தில உங்கட பஸ்ஸுக்குக் கைய நீட்டின. நீங்க நிப்பாட்டல்ல.”

“ஆக்கள் கூடியிரிக்கும் ராத்தா.”

“இல்ல. பின்னுக்கு சீட் வெறுமையா கிடந்த. உங்கட கொண்டக்டர், பின்னால வெறும் பஸ் வருது, அதில வாங்க எண்டு கத்திட்டுப் போனார். அது வரவேயில்ல.”

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியொன்று எங்களுக்காக நின்றது. பெண்களை முதலில் ஏற்றினார்கள். எல்லோரும் ஏறிய பிறகு, கடைசியாக பஸ் ட்ரைவர் ஏறக் காலைத் தூக்கினார். உள்ளே இடம் தாராளமாகவே இருந்தது.

அந்தப் பெண் லொறியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ரைட், ரைட்! பின்னால வெறும் பஸ் வருது தம்பி, அதில வாங்க!”

லொறி புறப்பட்டது.