துரை மேசையில் ஒரு கடிதம்

"இனிமே எனக்குக் கூரையே வேணாம்" என்று முன்னால் நின்றவர் சொன்னதும் காது கொடுத்தேன்.

மலாயாவில் அவசர காலம். ஜெராமில் பஸ்ஸை நிறுத்தி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறோமா என்று போலீஸ் எங்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கூட மனைவி. என்னை அவர்களுக்குத் தெரியாது.

"கம்பிவேலிக்குள்ள உக்காந்து எழுதுனது போதும். கிள்ளான்ல கச்சாங் பூத்தே விக்கப்போறேன். தலையில கடலைத் தட்டு, தெருத்தெருவா நடை."

"கக்கூசுக்கே குடை பிடிச்சுப் போற ஆளு நீங்க."

"பழகிக்குவேன்."

"கடலையை யாரு அவிக்கிறது?"

"நீதான்."

"வறுக்கிறது?"

"அதுவும்... நான்தான் நடக்கிறேனே."

"உங்களுக்குக் காத்து, எனக்கு அடுப்பா? நான் நடக்கிறேன். நீங்க வறுங்க."

வரிசை இரண்டடி நகர்ந்தது.

"ராஜினாமாவைத் துரை மேசையில வச்சிட்டேனே" என்றார், குரல் இறங்கி.

"பாத்துட்டாரா?"

"நாளைக்குக் காலையிலதான் ஆபீசுக்கு வருவாரு."

"அப்ப சாயங்காலமே போய் எடுத்துடுங்க லா."

"எடுத்துடறேன்" என்றவரின் முகம் தெளிந்தது.

சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி ஒரு வருஷமாக நான் வேலையில்லாமல் அலைந்த சமயம் அது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். நேராகத் துரையின் பங்களாவுக்குப் போய், அவருடைய மேசையில் ஒரு கடிதம் இருப்பதைச் சொன்னேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கிராணி வேலையைப் பார்த்தேன். கிள்ளானில் கடலைத் தட்டோடு யாராவது வந்தால், இன்றும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.