பார்த்தாச்சு

அன்று காலை என் தம்பி என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு ஜோடியும் கறுப்பு, இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. அவனுடையது கொஞ்சம் சிறியது. வாசலில் கிடந்ததில் காலை நுழைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தெருவுக்கு வந்தேன். லாரி அதற்குள் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சரி, சாயங்காலம் போனில் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே வந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, தம்பியின் லாரி விபத்துக்குப் பிறகு நீங்கள் விசாரிக்க வந்தபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "கிளம்பறதுக்கு முன்னாடி சேஸிஸைப் பாத்தீங்களா?" "பாத்தாச்சு சார்" என்றேன். அது பொய் இல்லை. நீங்களும் தலையாட்டிவிட்டு, அளவுக்கு மீறிய பாரம், ஓட்டுநரின் அலட்சியம் என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சொல் அப்படிப்பட்டது. கண்ணால் கண்டாயிற்று என்றாலும் பார்த்தாச்சுதான், செய்து முடித்தாயிற்று என்றாலும் பார்த்தாச்சுதான். பட்டறையில் நாங்கள் இரண்டாவது அர்த்தத்தில்தான் கேட்போம், சொல்வோம். "பிரேக் பாத்தாச்சா?" "பாத்தாச்சு." அதற்குமேல் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குனிந்தால் சொன்னவன் முகத்தில் அடித்த மாதிரி.

என் வேலை லாரிகளின் அடிப்பக்கம், மொத்த வண்டியையும் தாங்குகிற சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம். மல்லாந்து படுத்து, பழைய கறுப்புப் பூச்சைச் சுரண்டி, துருவை எடுத்து, புதுப் பூச்சு அடிப்பது. தார் மாதிரி இருக்கும், உலர்ந்தால் ரப்பர் மாதிரி. அண்டர்கோட்டிங் என்பார்கள், நாங்கள் கோட்டிங் என்று சுருக்கிவிட்டோம். அது ஒட்டியிருக்கும்வரை தண்ணீரை இரும்பிடம் விடாது. உரிய ஆரம்பித்தால் கதை மாறிவிடும். உரிந்த இடுக்கில் போன தண்ணீரை அதே கோட்டிங் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கறுப்பாக, வழவழப்பாக, பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டிருக்கும். காப்பாற்றுகிற பொருளே அரிக்கவும் செய்யும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் அப்பா போனபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் அவன் படிப்பு வந்தது, பிறகு அவன் லைசென்ஸ் வந்தது, பிறகு லாரி வந்தது, பிறகு அவன் கல்யாணமே வந்துவிட்டது. நான் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. வரிசை அப்படி அமைந்தது.

அவன் மனைவி வந்த பிறகுதான் அந்த வீட்டில் விளக்குப் போட்டால் வெளிச்சம் வந்தது. என்னை மாமா என்பாள். முதல் வாரமே என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, நீங்க எந்தக் கதவத் திறந்தீங்கன்னு துப்பறியவே வேணாம். கைரேகை அச்சடிச்சு வச்சிருக்கீங்க." மறுநாள் கதவுப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணி ஒன்று மாட்டிவிட்டாள். காய்ந்தால் அவளே நனைத்து வைப்பாள். வேலை செய்யும்போது ஏதோ ஒரு பாட்டின் பாதியை மட்டும் முணுமுணுப்பாள். மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு எனக்கும் பாதிதான் தெரியும்.

தம்பி வேறு ஊருக்குக் குடிபோகும் செய்தியைச் சாப்பிடும்போது சொன்னான். தரையில் பதிக்கிற வெள்ளை ஓடு செய்கிற கம்பெனி ஒன்று லாரியோடு ஆளையும் சேர்த்து வேலைக்கு எடுக்கிறதாம். தங்க வீடும் உண்டாம்.

"அண்ணே, நீயும் வாயேன்" என்றான்.

வா என்று சொல்லவில்லை. வாயேன் என்றான். கடைக்குப் போகிறேன், நீயும் வாயேன் என்பது போல. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இங்க வேலைய யாரு பாக்கறது?" என்றேன்.

"ஆமா, உனக்கு வண்டிக்கு அடியில படுத்தாத்தான் தூக்கம் வரும்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாமாவுக்கு யாருங்க சாப்பாடு போடுவா?" என்றாள். அவன் குழம்பை ஊற்றிக்கொண்டான். ஓட்டல் இருக்கிறது என்று நினைத்திருப்பான். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. போகிறவனைக் கட்டியா வைக்க முடியும்?

போவதற்கு முந்தைய வாரம் லாரியைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டான். "அண்ணே, பின்னாடி கோட்டிங் பட்டை பட்டையா தொங்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடு."

பார்த்தேன். பின்சக்கரத்தின் வில்பட்டைகள் சேஸிஸோடு சேருகிற இடத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் கோட்டிங் கொப்பளித்திருந்தது. சுரண்டியை வைத்து இழுத்ததும் பாய் சுருண்டு வருவது போல வந்தது. பின்னால் ஈரம். ஈரத்துக்குப் பின்னால் துரு, பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக. சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும். இது மரத்தைத் தட்டிய மாதிரி பேசியது. இன்னும் கொஞ்சம் தட்டியதும் சுத்தியல் முனை உள்ளே போயிற்று. விரலை விட்டுப் பார்த்தேன். விரல் மறுபக்கம் வந்தது.

அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிரித்தாக வேண்டும், நாளாகும். சொன்னால் என்ன ஆகும் என்று அங்கேயே படுத்தபடி யோசித்தேன். கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான். தம்பி அவசரக்காரன். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு, அங்கே போய் வேறொருவன் வண்டியை ஓட்டுவான். சொன்னாலும் போவான். சொல்லாவிட்டாலும் போவான். என் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

பட்டறை வெல்டரை எல்லோரும் பொறி என்று கூப்பிடுவார்கள். அவன் அந்தப் பக்கம் வந்து என் காலைத் தட்டினான்.

"என்னண்ணே, உள்ள புதையலா? இவ்வளவு நேரமா சத்தத்தையே காணோம்."

"ஒண்ணுமில்ல."

"ஓட்டை கீட்டை இருந்தா சொல்லு. தம்பி வண்டின்னா இன்னிக்கே கைய வைக்கறேன். ஊருக்குப் போற பிள்ள."

"ஓட்டையெல்லாம் இல்லப்பா. மேல்துருதான்."

"நீ சொன்னா சரி" என்று போய்விட்டான். குனிந்து பார்க்கவில்லை.

பிறகு நான் செய்ததை உள்ளபடி சொல்கிறேன். ஓட்டைகளில் கம்பிவலைத் துண்டு வைத்து, மேலே பட்டி பூசினேன். கதவில் ஒடுக்கு விழுந்தால் நிரவுகிற அதே பட்டி. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்த இடத்துக்கு மட்டும் கோட்டிங் அடித்தால் தனியாகத் தெரியும் என்பதால், முன்னிருந்து பின்வரை முழுச் சேஸிஸுக்கும் அடித்தேன். நல்ல வேலை. அதில் கை வைத்து யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நீங்கள் உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்தபோதுகூட, உடைந்த வாயில் தெரிந்த வெள்ளையை ஏற்றியிருந்த ஓடு நொறுங்கிப் படிந்த தூள் என்றுதான் நினைத்தீர்கள். அது பட்டி.

தம்பி வண்டி எடுக்க வந்தான். "பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்தான். பளபளவென்று இருந்தது. "பொண்ணு பாக்க வர்ற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்று என் தோளைத் தட்டினான்.

என் எண்ணம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பாரம் ஏற்றும்போதே வண்டி நடுவில் மடங்கி உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு பழைய தண்ணீர் லாரி எங்கள் பட்டறை வாசலிலேயே அப்படி உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டே இறங்கினான். அப்படி உட்கார்ந்தால் பயணம் நின்றுவிடும், வேலை கைநழுவும், தம்பி வீட்டில் இருப்பான். நான் நினைத்தது அவ்வளவுதான். தம்பி வீட்டில் இருக்க வேண்டும்.

பாரம் ஏற்றிய அன்று நானும் போய் நின்றேன். கம்பெனியின் கிடங்கு ஒன்று இந்த ஊரிலும் இருந்தது, அங்கிருந்து ஓடு ஏற்றினார்கள். அடுக்க அடுக்க நான் சேஸிஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மேலே கட்டில், பீரோ, மடித்த மெத்தை என்று வீட்டுச் சாமான்களையும் வைத்துக் கட்டினார்கள். நீங்கள் அளவுக்கு மீறிய பாரம் என்று எழுதியது அந்தக் கட்டிலையும் பீரோவையும்தான். அப்போதும் அது நின்றது. பட்டியும் கோட்டிங்கும் சேர்ந்து ஒரு வண்டியை நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கையை மீறிப் போய்விட்டது என்று அப்போதுதான் தோன்றியது. கயிறு கட்டி முடித்துவிட்டார்கள். ஆட்கள் கைதட்டித் தூசியை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எப்படிப் போய்ச் சொல்வது? வாய் வரை வந்தது. "மெதுவாப் போடா" என்று மட்டும் சொன்னேன்.

"நீ வேற, மாட்டு வண்டின்னு நெனச்சியா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு யோசனை சொன்னாள். "நானும் லாரியிலேயே முன்னாடி உக்காந்து போயிடறேன் மாமா. பேசிக்கிட்டே போனா அவரும் தூங்க மாட்டாரு."

"வேணாம்மா" என்றேன். "லாரி தூக்கித் தூக்கிப் போடும். உனக்கு முதுகு வலி வேற. மத்தியானம் பஸ்ல போ. நானே ஏத்தி விடறேன்."

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "கூட வரட்டும்ணே, என்ன இப்போ?" என்றான். நான் விடவில்லை. அவனிடம் என் வாழ்க்கையில் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒருமுறைதான். அவள் சிரித்துக்கொண்டே, "விடுங்க, மாமா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்றாள்.

மறுநாள் காலை அவன் போனான். பாலம் தாண்டி ஓர் இறக்கம் வரும், உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது சேஸிஸ் மடங்கி, ஏற்றியிருந்த ஓடு முழுவதும் முன்னால் வந்து கேபினை மூடிவிட்டது. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்து சொன்னார்கள். அவள் கையில் பை இருந்தது. அதை நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

இதை எல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அவள் அவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். முதலில் அழுதாள், அது முறை. உங்கள் அறிக்கை வந்த பிறகு அழுகை நின்று போயிற்று. "சொன்னாக் கேக்கற ஆளா? எல்லாத்தையும் ஒரே தடவையில ஏத்தணும். மாமா அவ்வளவு பாத்து அனுப்பியும் கேக்காமப் போய்ச் சேந்தாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். "நான் உசுரோட இருக்கறதே மாமாவாலதான்" என்கிறாள். செத்தவன் மேல் அந்தப் பழி நிற்கக் கூடாது. அவன் அலட்சியக்காரன் இல்லை. அவன் கேட்டான், நான் பார்த்தாச்சு என்றேன், அவன் நம்பினான். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று நீங்கள் திருத்தி எழுத வேண்டும். சேஸிஸைக் கெடுத்தது நான். ஓட்டை இருப்பது தெரிந்தே மூடியவன் நான். எந்தத் தண்டனை என்றாலும் சரி.

ஒன்றே ஒன்று. காரணம் வேறு ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள், இதை அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருமுறை சொன்னாள், நான்தான் கொஞ்ச நாள் போகட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் படித்தவர், அடுத்த கேள்வியைக் கேட்பீர்கள். வண்டி சும்மா உட்காரத்தான் போகிறது என்று நினைத்தவன், அவளை எதற்கு அதில் ஏற விடவில்லை? நானும் அதை யோசித்துப் பார்த்தேன். முதுகு வலி என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தம்பி போனதில் வீடு தலைகீழாகிவிட்டது என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அவன் பகலில் எப்போதும் ரோட்டில்தான் இருப்பான், மத்தியானம் அவள் கழுவி வைப்பது எனக்கும் அவளுக்குமாக இரண்டே தட்டுதான். இன்றும் இரண்டுதான் வைத்தாள்.