இருபது பம்பரம்

— சீட்டுக் குலுக்கினப்ப உங்க பேர் எனக்கு விழுந்தா நான் என்ன பண்ணுவேன், டாக்டரம்மா? நம்ம மரக்கடைசல் சங்கத்துல இருக்கறதே பத்து மெஷின். ஒண்ணுக்கு ரெண்டு பேர்.

— மாத்திக் குடுங்கன்னு தலைவர்கிட்ட கேட்டேன். ‘சம்பந்திங்கதானே, வீட்டு விஷயம் பேசிக்கிட்டே கடைங்க’ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

— நாம பேசி மூணு வருஷம் ஆச்சுன்னு அவருக்கு எங்க தெரியும்?

— அதை விடுங்க. ஆஸ்பத்திரிக் குழந்தைங்களுக்கு மொத்தம் இருநூறு பம்பரம். நம்ம பங்கு இருபது. செஞ்சோமா, கிளம்பினோமான்னு இருக்கணும். முதல்ல நீங்க கடைங்க.

— அதாவது, முப்பது வருஷம் பஸ் இன்ஜினைப் பிரிச்சு மாட்டினவன் நான். இந்தத் துண்டுக் கட்டை எனக்கு... அடடா.

— உடைஞ்சுதா?

— உடையல. பறந்துருச்சு. உங்க கால்கிட்டதான் கிடக்கும்.

— உளியை ஸ்பேனர் மாதிரி பிடிச்சா பறக்காம என்ன செய்யும்? விரலைத் தளர்த்துங்க. கட்டை தானா சுத்தி வந்து உளியில படணும். அமுக்கவே கூடாது. சரியா?

— பல்லு புடுங்கறப்ப மட்டும் நல்லா அமுக்கினீங்களே.

— ஆரம்பிச்சுட்டீங்களா?

— அதாவது, வலிச்சது மேல. நீங்க புடுங்கினது கீழ. அதைச் சொன்னதுக்குத்தானே என் வீட்டுப் படி ஏற மாட்டேன்னீங்க.

— சொன்னதுக்கா? கிளினிக் வாசல்ல காத்துக்கிட்டிருந்த ஒம்பது பேருக்கும் வாயைத் தொறந்து காட்டினீங்க. கீழ சொத்தை, வலி மேல தெரியும்னு எக்ஸ்ரேயைக் காட்டி நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— சரி, இப்ப உளி ஒழுங்கா படுதா பாருங்க.

— ம். சுருள் சுருளா வருது. இன்னும் லேசா. அவ்வளவுதான்.

— அட, வெண்ணெயில போற மாதிரி போகுதே.

— நகருங்க, அடுத்ததை என் உளியால நான் கடையறேன். என்ன இது, எனக்கு மட்டும் வழுக்குது?

— முனை மழுங்கிக் கிடக்கு. இந்த உளியை யாரு தீட்டினது?

— நான்தான்.

— தெரியுது.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. குடுங்க, கல்லுல ரெண்டு இழு இழுத்துத் தர்றேன். இந்தாங்க, இப்ப வெச்சுப் பாருங்க.

— என்னமா இழைக்குது. உங்க கை லேசுப்பட்ட கை இல்ல, சம்பந்தி.

— என்னன்னு கூப்பிட்டீங்க?

— ஒண்ணும் இல்ல. பம்பரத்தைச் சுத்தி விடுங்க. என்னுதையும் விடறேன். எது முதல்ல விழுதுன்னு பாப்போம்.

— உங்களுது ஆடுது.

— உங்களுது விழுந்தே போச்சு.

— மேஜை சாய்வா இருக்கு.

— மேஜை மேல பழியைப் போடாதீங்க. வாயைப் பொத்திக்கிட்டு ஏன் சிரிக்கறீங்க? பல்லு போன இடம் தெரியும்னா?

— சம்பந்தியம்மா, ஒண்ணு சொல்லணும். அதாவது, அதைப் புடுங்கின மறுநாளே மேல வலி நின்னுருச்சு.

— மறுநாளேவா?

— மறுநாளே. வந்து சொல்லத்தான் வாய் வரல.

— நல்ல ஆளு நீங்க. என் பொண்ணும் உங்க பையனும் ஞாயித்துக்கிழமையானா மதியம் உங்க வீட்டுல ஒரு விருந்து, சாயங்காலம் எங்க வீட்டுல ஒரு விருந்துன்னு தின்னு தின்னு ஊதிப் போச்சுங்க.

— ரெண்டு இடத்துலயும் வேணாம்னு சொல்ல அதுங்களுக்குப் பயம். தப்பு என் பேர்லதான். மன்னிச்சுக்குங்க.

— நானும் கொஞ்சம் பொறுமையா விளக்கியிருக்கலாம். அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கே எல்லாரும் வந்துடுங்க. சரியா?

— வர்றேன். உங்க போன்ல ஏதோ மெசேஜ்.

— என் கையெல்லாம் மரத்தூள். நீங்களே எடுத்துப் படிங்க. யாரு?

— என் மருமகதான். ‘அம்மா, மாமாவும் அங்கதான் இருப்பார். சண்டை போடாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தொட்டில் கடைய எத்தனை மாசம் ஆகும்? எங்களுக்கு ஏழு மாசம்தான் இருக்கு.’