பாவாட ஒரு பக்கம், ரவிக்க ஒரு பக்கம்

அசையாதீங்க செனாம் அக்கா, குண்டூசி குத்திரும்! அப்புறம் அதுக்கும் நாந்தான் காரணம்பீங்க. ஆமா, துணி இன்னும் முடியல. ஞாயித்துக்கிழம சர்ச்சுல நன்றி ஆராதனை, வெள்ள உடுப்புல முன்வரிசையில நிக்கணும்... தெரியும், தெரியும், மூணு தடவ சொல்லிட்டீங்க. உள்ள வரும்போதே போர்டப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு வேற வந்தீங்க. "கடவுள் குறிச்ச நேரமே நேரம் தையலகம்." பேருக்கென்ன கொற? கடவுள் சரியாத்தான் குறிச்சாரு. நடுவுல பூந்து கெடுத்தது யாரு? நீங்க! நீங்களும் ஒங்க சனநாயகமும்!

கைய எறக்குங்க... ம்ம்... இடுப்பு போன தடவைய விட... சரி, நான் ஒண்ணும் சொல்லல.

நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு? ஏழு பொண்ணுங்க, பதினஞ்சுலேர்ந்து பதினெட்டு வயசுக்குள்ள, எங்கிட்ட தையல் கத்துக்குதுங்க. பள்ளிக்கூடம் விட்டுப்போன பிள்ளைங்களுக்கும் ஓட்டுன்னா என்னன்னு தெரியணும்னு தேர்தல் கல்வி ஆபீஸ்லேர்ந்து நீங்க வந்து நின்னீங்க. "மேடம் எஞோனாம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் நீங்களே சொல்லிக்குடுங்க, ஒங்க பேச்சத்தான் கேப்பாங்க"ன்னீங்க. எனக்கும் உச்சி குளுந்துபோச்சு. பனியன் ஒண்ணு குடுத்தீங்க. அது எனக்குத் தோள்ல பத்தல, அத வேற பிரிச்சுத் தச்சேன், போகட்டும்.

சொல்லிக்குடுத்தேன்கா! ஒண்ணக் கையில எடுத்தா நான் அரகொறையா விடுவேனா? "ஓட்டு ரகசியம், பெத்த தாய்க்கும் சொல்லாத. எவன் எத வாங்கிக் குடுத்தாலும் தின்னுட்டு, மனசுக்குப் பட்டவங்களுக்குப் போடு"ன்னேன். அப்புறம் அந்தப் பாவாட ரவிக்க ஓட்டு... சனாதிபதிக்கு ஒரு கட்சி, எம்.பி.க்கு வேற கட்சின்னு மாத்திப் போட்டா ஊரே அப்படித்தானே சொல்லுது? அத எந்த வாத்தியார் என்ன மாதிரி வெளக்குவாரு? கடை பொம்மைக்குப் பூப்போட்ட பாவாடயும் கோடுபோட்ட ரவிக்கயும் மாட்டிக் காட்டினேன். "ரெண்டும் ஒத்துப்போகணும்னு சட்டமில்லடி, ஒவ்வொண்ணயும் தனித்தனியா யோசிச்சுப் போடலாம்"னேன். கை தட்டுச்சுங்க. நானும் பெருமையா பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்!

அதோட விட்டீங்களா? "பாடத்தோட நிறுத்தாதீங்க, ஒரு நெசத் தேர்தல் வைங்க"ன்னு ஒரு அட்டப்பெட்டி, கட்டவெரல முக்கிச் சீட்டுல அமுக்க ஒரு ஊதா மை, அம்பது சீட்டுக் கட்டு ஒண்ணு, எல்லாத்தயும் எந்தலையில கட்டிட்டு வண்டியேறிப் போயிட்டீங்க. மாட்டிக்கிட்டது நானு.

சரி, கடைக்கு ஒரு தலைமைப் பொண்ணத் தேர்ந்தெடுங்கடின்னேன். என் அக்கா மக டெலாலிய நிறுத்தினேன். எதிர்ல இன்னொரு பொண்ணு. அன்னிக்குன்னு பாத்து எனக்கு மனசு எளகிருச்சு, ஆளுக்கு ரெண்டு போஃப்ரோட் வாங்கிக் குடுத்தேன். சுடச்சுடப் பொரிச்ச மாவுருண்ட, எண்ண சொட்டச் சொட்ட. ஏன், என் பிள்ளைங்களுக்கு நான் வாங்கிக் குடுக்கக் கூடாதா? சிரிக்காதீங்க... ஊசி, ஊசி!

அப்பத்தான் அந்த எலிகெம் எந்திரிக்குது. பதினாறு வயசு. பொத்தான் ஓட்ட ஒழுங்கா வெட்டத் தெரியாது. "மேடம், இன்னொரு சீட்டும் போடலாமா? காலையில கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒங்க வீட்டுக்குப் போய்த் தண்ணி தூக்கி, பாத்திரம் கழுவி, துணி தொவைக்கிறோமே... அது தொடரணுமா, வேணாமான்னு. வந்து ஒம்பது மாசமாச்சு மேடம், இன்னும் கழுத்து வெட்டத் தெரியல. ஒங்க வீட்டுச் சட்டி பதினாலுன்னு மட்டும் தெரியும்." எம்புட்டுப் பணிவாக் கேக்குது பாத்தீங்களா! நான் அசரல. போடுங்கடின்னேன். மக மாதிரித்தானே நடத்தறேன்? மகளுன்னா சட்டி கழுவ மாட்டாளா?

எண்ணுனோம். டெலாலி ஜெயிச்சுட்டா, அஞ்சுக்கு ரெண்டு. போஃப்ரோட் வீண்போகல. அடுத்த கேள்விக்கு "வேணாம்"... ஏழு. ஏழு பொண்ணுக்கு ஏழு ஓட்டு! பாவாட ஒரு பக்கம், ரவிக்க ஒரு பக்கம். நான் சொல்லிக்குடுத்த அதே பாடம் எம்மேலயே! அதுல டெலாலி ஓட்டும் ஒண்ணு. என் வீட்டுல, என் கையால சாப்புடறவ. அது வலிச்சுதுக்கா. சும்மா சொல்லல, நெசமாவே வலிச்சுது.

ஆனாலும் "தொடரணும்"தான் ஜெயிச்சுது. பன்னெண்டு ஓட்டு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஏழு பொண்ணுங்கதான். எனக்கும் எண்ணத் தெரியும். தெருவுல போறவங்க யாராச்சும் நல்ல மனசோட போட்டுட்டுப் போயிருப்பாங்க. பெட்டி வாசல்லயா இருந்துச்சு, உள்ளயா இருந்துச்சுன்னெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. ஊருல தேர்தல்னா இப்படி நாலு கொளறுபடி இல்லாமயா நடக்குது?

அந்த எலிகெம் விடல. "எல்லாரும் கட்டவெரலக் காட்டுங்க"ன்னுச்சு. ஏழு பேரும் காட்டுச்சுங்க. அப்புறம் எம்பக்கம் திரும்பி, "மேடம், நீங்க?" எப்படி இருக்கு! எங்கிட்டயே கைய நீட்டச் சொல்லுது! தேர்தல் அதிகாரி நானு, முடிவு அறிவிச்சாச்சு, போய் வேலயப் பாருங்கடின்னேன். போச்சுங்க. எங்க? அதோ, அந்த மாமரத்தடிக்கு. நாலு நாளா காலையில டாண்ணு ஏழு மணிக்கு வந்து, எனக்குக் கும்புடு போட்டுட்டு, அங்க போய் உக்காந்துருதுங்க. ஒழுங்கா எண்ணற வரைக்கும் ஊசியத் தொட மாட்டாங்களாம். வீட்டுல பதினாலு சட்டியும் கெடக்கு. கடையில நான் ஒண்டியா ஒங்க வெள்ள லேசோட கண்ணு பூக்க மல்லுக்கட்டறேன். இதத்தான் கேக்கறேன், இது ஒங்களுக்கு நல்லாருக்கா?

திரும்புங்க, பின்னாடி மடிப்பப் பாப்போம்... கண்ணாடியில என்னத்தப் பாக்கறீங்க? முதுகுலயா? எங்க? ஓ... அதுவா... சோபோலோ குடிச்சேன், சிந்திருக்கும். அதுவும் ஊதாதானே? ரேகையா? சோபோலோவுல எப்படிக்கா ரேகை... இங்க ஒண்ணு... அய்யோ, தோள்லயும் ஒண்ணு... எல்லாம் ஒங்க மையாலதான்! வெரல்ல எலுமிச்சம்பழம் தேச்சேன், மண்ணெண்ண போட்டேன், போகவேயில்ல. பன்னெண்டு தடவ அமுக்கின வெரலு, அதே கோவத்தோட ஒங்க துணியத் தைக்க உக்காந்தேனா...

...

அக்கா, ஏதாச்சும் திட்டுங்க.

எங்க போறீங்க? பாவாட குண்டூசியிலதான் நிக்குது! பெட்டிய எதுக்கு எடுக்கறீங்க? அடியே டெலாலி, அவங்களுக்கு எதுக்குடி மரத்தடியில ஸ்டூலப் போடற? மறுபடியும் ஓட்டா? இப்பவேவா? சரி... சரிக்கா. நான் பெட்டி கிட்ட வரல. இந்தா, கைய ரெண்டயும் பின்னாடி கட்டிக்கிட்டு இங்கயே நிக்கறேன்.

அக்கா... எனக்கும் ஓட்டு உண்டுல்ல? ஒண்ணு. சத்தியமா ஒண்ணே ஒண்ணு.