வாயை மூடாதீங்க, சொல்லி முடிச்சுடறேன்

...அதனாலதான் சொல்றேன், ஊரைக் கெடுக்கறதே இந்த சினிமாக்காரனுங்கதான். ஆ... இன்னும் கொஞ்சம். நாக்கை அந்தப் பக்கம் தள்ளுங்கம்மா. அவ்ளோதான். வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன். வெளியில ஒரு அரை மணி நேரம் உக்காந்திருப்பீங்க, இல்ல? கூப்பிட ஆள் இல்ல. டெஸ்க் காலி. ஏன் காலி? ஒரு படம்! ரெண்டேகால் மணி நேரம் ஓடற ஒரே ஒரு படம். சிரிக்காதீங்க, குழாய் நழுவும்.

அந்தக் காலத்துப் படத்துல பொண்டாட்டி எப்படி இருந்தா? புருஷன் குடிப்பான், வேற வீடே கதின்னு கிடப்பான், கடைசி ரீல்ல இருமிக்கிட்டே வந்து நிப்பான். இவ கண்ணைத் துடைச்சுட்டுக் கதவைத் திறப்பா. ஜனம் மூக்கைச் சிந்திக்கிட்டே வீட்டுக்குப் போச்சு. குடும்பம் குடும்பமா இருந்துச்சு. அப்புறம் பொண்ணுங்க காலேஜுக்குப் போனாங்க. சினிமாக்காரனுக்கு மூக்குல வேர்த்துடுச்சு. படிச்ச பொண்ணா? அப்ப திமிர் பிடிச்சவ, கூலிங் கிளாஸ் போட்டவ, ஹீரோவைப் பாத்து இங்கிலீஷ்ல திட்டறவ. இன்டர்வல் வரைக்கும் ஆடுவா. இன்டர்வல் முடிஞ்சதும் ஹீரோ கன்னத்துல ஒண்ணு விடுவான். அந்த நிமிஷமே காதல் வந்துடும், தலையைக் குனிஞ்சுக்குவா. விசில்னா விசில், காது கிழிஞ்சுது! நானும் அடிச்சேன், பொய் சொல்வானேன். காலேஜ்ல நாங்க எல்லாரும் அந்த ஹீரோ மாதிரியேதான் நடந்தோம், அந்த மாதிரியேதான் பேசினோம்.

அப்புறம் அந்தப் பொண்ணுங்களே ஆபீஸ் போய், டிக்கெட்டும் அவங்களே எடுக்க ஆரம்பிச்சாங்க. சினிமாக்காரன் பாத்தான். ஓஹோ, காத்து இந்தப் பக்கம் அடிக்குதான்னு தூத்திக்க ஆரம்பிச்சுட்டான். நேத்து அறைஞ்ச அதே ஹீரோ இன்னைக்கு இடுப்புல துணியைக் கட்டிக்கிட்டு வெங்காயம் நறுக்கறான். கண்ணுல தண்ணி கொட்டுது, வெங்காயமா பாசமான்னு அவனுக்கே தெரியல. கொள்கையா, மண்ணாங்கட்டியா? யாரு சீட்ல உக்காந்திருக்காங்களோ அவங்க மூஞ்சியைப் பாத்துப் படம் எடுக்கறான். கையை ஏம்மா தூக்கறீங்க? வலிக்காது, மரப்பு ஊசி போட்டாச்சு. கீழ வைங்க.

இதுல பல் டாக்டர் பாடு இருக்கே... மத்த டாக்டர்னா கண்ணாடியைக் கழட்டிட்டு, ‘இருபத்துநாலு மணி நேரம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்’னு சொல்லுவான். பின்னாடி வயலின் அழும். எங்களுக்கு என்ன? குறடு! காமெடியனை மல்லாக்கப் போட்டு, நெஞ்சு மேல ஏறி உக்காந்து, சொத்தையை விட்டுட்டு நல்ல பல்லைப் பிடுங்கற ஆளு. இத்தனை வருஷத்துல ஒரு பல் டாக்டரையாவது மனுஷனாக் காட்டினானா? மொதமொதல்ல ஒருத்தன் காட்டினான். காட்டினானே, பாவி.

யாருன்னு கேக்கறீங்களா? நீங்க எங்க கேக்கப் போறீங்க, வாயில பஞ்சு. சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, இதே நாற்காலி. தாடி, தோள்ல துணிப்பை, கடைவாயில குகை மாதிரி சொத்தை. ரூட் கெனால். ஏழு தடவை வந்தான். படம் எடுக்கப் போறேன்னான். எவன்தான் எடுக்கலன்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வேலையைப் பாத்தேன். என் வீட்டு விஷயம், வெளி விஷயம், எல்லாம். அவன் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு அவ்வளவு மரியாதையாக் கேட்டான்மா. எம் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்ல. ஒரு தடவைகூடக் கையைத் தூக்கல. பூனை மாதிரி படுத்துக்கிட்டு எல்லாத்தையும் மனசுக்குள்ள எழுதிக்கிட்டு இருக்கான்னு நான் கண்டேனா?

போன மாசத்துக்கு முந்தின மாசம் போன் பண்ணான். ‘டாக்டர், படம் வருது, டைட்டில்ல உங்களுக்கு நன்றி போட்டிருக்கேன்’னான். எனக்குத் தலைகால் புரியல. எங்க அடுக்குமாடியிலேர்ந்து இருபத்திரெண்டு பேரைத் திரட்டினேன். என் வீட்டுக்காரி, மச்சினி, சங்கச் செயலாளர், அவர் சம்சாரம்... ஒரு வரிசை பத்தாம அடுத்த வரிசையும். ‘எங்கள் பல் டாக்டருக்கு நன்றி’ன்னு திரையில வந்ததும் எழுந்து நின்னு எல்லாருக்கும் கையாட்டினேன். எழுந்து நின்னும்மா! சொந்தச் செலவுல சூனியம்னு சொல்லுவாங்களே, அது இதுதான்.

படம் ஆரம்பிச்சுது. ஒரு பல் டாக்டர். பேசறான், பேசறான், பேசிக்கிட்டே இருக்கான். நாற்காலியில கிடக்கறவன் கையைத் தூக்கறான், இவன் கண்டுக்கவே மாட்டேங்கறான். தியேட்டரே சிரிச்சு உருளுது. நானும் உருண்டேன். ‘இப்படியும் ஒரு ஜென்மமா!’ன்னு மச்சினிகிட்ட சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா... கையைக் கீழ வைங்கம்மா, வெளிச்சத்தை மறைக்குது.

அந்த டாக்டருக்கு ஒரு பொண்டாட்டி. அவளும் பல் டாக்டருக்குப் படிச்சவ. ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, இவனைவிட அவளுக்கு மார்க் கூட, மெடல் வேற. கல்யாணத்துக்கு அப்புறம் முன்னாடி டெஸ்க்ல உக்காந்துட்டா. வர்றவங்களை உக்கார வச்சு, எங்க வலி, எத்தனை நாளா, சூடு பட்டா கூசுதா, சில்லுனு பட்டா கூசுதான்னு எல்லாம் கேட்டு, டார்ச் அடிச்சுப் பாத்து, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள அனுப்புவா. மேலயா கீழயா, இடதா வலதா, எத்தனாவது பல்லு, என்ன செய்யணும். டாக்டர் சீட்டைப் பாத்துத் துளைப்பான். அவ்ளோதான் அவன் வேலை. ‘எனக்கு மூளையே வேணாம் தம்பி, சீட்டு இருந்தாப் போதும்’னு தாடிக்காரன்கிட்ட நான்தான் பீத்திக்கிட்டேன். எங்க கிளினிக்ல இருபத்தாறு வருஷம் அப்படித்தான் நடந்துச்சு. ஆளுக்கொரு வேலை, அதுல என்ன தப்பு? மறுபடியும் தூக்கறீங்களே கையை! அஞ்சே நிமிஷம்மா.

ஒரு சீன். அவ கேக்கறா: ‘எனக்கும் உள்ள ஒரு நாற்காலி போடுங்களேன்.’ அதுக்கு அவன், ‘உனக்குத்தான் வெளியில போட்டிருக்கேனே, சக்கரம் வச்சது!’ங்கறான். நான் சிரிச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். என் ஜோக்கும்மா அது! கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் என் வீட்டுக்காரிகிட்ட நான் சொன்னது. சிரிச்சுட்டு சுத்திப் பாக்கறேன்... முன்னூறு பேர்ல நான் ஒருத்தன்தான் சிரிச்சிருக்கேன். முன் வரிசைக்காரன் திரும்பிப் பாக்கறான். செயலாளர் சம்சாரம் திரும்பிப் பாக்கறாங்க. என் வீட்டுக்காரி மட்டும் திரும்பல. திரையையே பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்கு அது மறந்திருக்கும்னுதான் நான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்.

நான் காலேஜ் படிச்ச காலத்துல அந்த ஜோக்கை எந்தப் படத்துல வச்சிருந்தாலும் கைதட்டல் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும், தெரியுமா? ஜோக் மாறல. உக்காந்திருக்கறவங்க மாறிட்டாங்க. என்கிட்ட ஒருத்தரும் சொல்லல.

கடைசியில படத்துல என்ன ஆகுது? அவ எதிர்க் கட்டடத்துலயே தனி கிளினிக் வைக்கறா. என்னோட வந்த பொம்பளைங்கதான் மொதல்ல கைதட்டினது. அவ வைத்தியம் பாக்கற அழகைக் கேளுங்க. கேள்வி கேப்பா, நோயாளி வாயிலேர்ந்து கையை எடுப்பா, பதில் வர்ற வரைக்கும் சும்மா நிப்பா. சும்மா! அதை அரை நிமிஷம் காட்டறான். அந்த அரை நிமிஷத்துல நான் ஒரு பல்லையே பிடுங்கி இருப்பேன். நடக்கற கதையா இதெல்லாம்?

நடந்துடுச்சு. படம் பாத்த மூணாவது வாரம். சண்டை இல்ல, ஒரு சுடு சொல் இல்ல. திரும்பாதீங்க, ஜன்னல்ல தெரியுது பாருங்க, பச்சை போர்டு, முதல் மாடி. என் வீட்டுக்காரி பேரு, பட்டம், அந்த மெடலைக்கூட விடல. காலையில ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வர்றோம். நான் இந்தப் பக்கம் இறங்கறேன், அவ அந்தப் பக்கம் இறங்கறா. டெஸ்க்குக்கு வேற ஆளு வச்சுக்கங்கன்னா. வச்சேன், நாலு பேரு. ஒண்ணுக்கும் சீட்டு எழுதத் துப்பில்ல, நாலும் போயாச்சு. அவ படத்தைப் பாத்துக் கெட்டுப் போயிட்டான்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறேன். ஆனா ஒரு இடத்துல இடிக்குதும்மா. அவ டாக்டர் பதிவை வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டே வந்திருக்கா. இருபத்தாறு வருஷமா, எனக்குத் தெரியாம. அப்ப இந்தத் தாடிக்காரன் பொறந்திருப்பானோ என்னவோ.

சரி, விடுங்க. சுத்தம் பண்ணியாச்சு, இனிமே துளைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆ காட்டுங்... ஏம்மா, ரெண்டு கையையும் தூக்கறீங்க? என்னங்கறேன்? சரி, இருங்க, பஞ்சை எடுக்கறேன். கொப்பளிங்க. இப்ப சொல்லுங்க.

என்னது?

வலதா?

வலது பக்கம் கீழயா! அப்ப நான் இவ்வளவு நேரமா இடது பக்கம்... ஐயையோ, இல்லம்மா, பயப்படாதீங்க, துளைக்கல. மரத்துப் போக வச்சேன், சுத்தம் பண்ணேன், அவ்ளோதான். நல்ல பல்லு, ஒண்ணும் ஆகல. எந்தப் பக்கம்னு நீங்க வந்ததுமே நான் கேட்டேனே? கேட்டேன். கேட்டுட்டு... ஆமா, உடனே வாயைத் திறங்கன்னுட்டேன். நீங்களாவது ஒரு தடவை...

ஆமா. தூக்கினீங்க. நாலு தடவை.

சீட்டு இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா. உக்காருங்க, வலது பக்கம் ஒரு ஊசி போட்டா பத்து நிமிஷத்துல... எங்க போறீங்க? கழுத்துல துண்டு இருக்கு, துண்டு! எதிர்லதானே? தெரியும். எல்லாரும் அங்கதான் போறாங்க. வண்டி பாத்து ரோட்டைக் கடங்க!

அம்மா! ஒரே நிமிஷம்! இடது கன்னம் மரத்திருக்கு, வார்த்தை குழறும். அங்க போனதும் கையாலயாவது காட்டுங்க, வலதுன்னு...

வேணாம். நீங்க ஒண்ணும் காட்ட வேணாம். அவளே கேப்பா. கேட்டுட்டு நிப்பா.