துட்டி வீட்டு நாற்காலி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். ஜன்னலோரம் இருந்தவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "எங்க நாத்தனா வீட்டோட என்னையச் சேத்துவச்சது இந்த மூட்டுவலிதான்" என்றாள்.

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"பத்து வருசமா பேச்சில்லாமலே அவ போய்ச் சேந்துட்டா. துட்டி வீட்டுல நான் சேருல உக்காந்தா, இன்னும் வீம்பு போகலைம்பாக. பொம்பளைகளோட தரையில உக்காந்துட்டேன்."

"டாக்டரு தரையில உக்காரவே கூடாதுன்னாரே?"

"உக்காந்தது பெருசில்ல, எந்திரிக்க ஏலலை. பொணத்த எடுக்கும்போது எல்லாரும் எந்திரிச்சுட்டாக. நான் மட்டும் அவ காலுகிட்ட கெடந்து வலியில கத்துதேன். 'எங்கம்மா மேல எம்புட்டுப் பாசம் அத்தை'ன்னு அவ மக என்னையக் கட்டிக்கிட்டு அழுதா. சண்டை அதோட தீந்துச்சு."

"நெசத்தைச் சொன்னியா?"

"சொல்லுவனா? பதினாறாம் நாளுக்கு அவளே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கா. அதுக்குத்தான் போறேன்."

"இன்னைக்காவது சேரு கேட்டு உக்காரு."

"சேருல உக்காந்தா அன்னைக்கு எதுக்கு அழுதேன்னு தெரிஞ்சுபோகும்லா."

"வலி மாத்திரையாவது போட்டியா?"

"போட்டா எங்கிட்டு அழுகை வரும்?"