நான்கு பக்கங்களையும் படித்த அம்மையாருக்கு

முப்பத்து மூன்று ஆண்டுகள் இம்மருத்துவக் கல்லூரியின் மாணவர் பிரிவில் தட்டச்சராய் நுழைந்து, எழுத்தராய் உயர்ந்து, கண்காணிப்பாளராய் நிமிர்ந்து, கோப்புகளுக்குக் காவலாகவும் கலங்கி வந்தோர்க்குக் கரையாகவும் விளங்கிய அம்மையீர்! விதிகளை விரல்நுனியில் வைத்திருந்தும் மனிதரை விழிநிறையப் பார்த்த மாண்புடையீர்! இன்று மாலை பணி நிறைவு பெறும் தங்களுக்கு, உடன் பணிபுரிந்த நாங்கள் உவகையோடு படைக்கும் மடல் இது.

தேதி போடாத தாளைத் தாங்கள் தொட்டதே இல்லை. கல்லூரி முதல்வரே அனுப்பினாலும் அது வந்த வழியே திரும்பும். அடித்தல் திருத்தல் இருந்தால் புதிய தாள். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனால் இன்னொரு தாள். மாணவர்கள் தங்களுக்கு ‘ரிட்டர்ன் அம்மா’ என்று பெயர் சூட்டினார்கள். அது தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் இன்றும் நம்புகிறார்கள். பெயர் வைத்த அன்றே தங்களுக்குத் தெரியும் என்பதை நாங்கள் அறிவோம். கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் சிரித்ததையும் அறிவோம்.

கண்டிப்புக்குப் பெயர்போன தாங்கள் கனிவோடு செய்த காரியம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, ஒரு பயிற்சி மருத்துவர் தங்கள் சன்னல் முன் வந்து நின்றார். தையற்காரர் ஒருவரின் மகள். குடும்பத்தில் முதன்முதலாக டாக்டர் படிப்புக்கு வந்தவர். இன்று நம் குழந்தைகள் பிரிவில் உதவிப் பேராசிரியராக இருக்கும் அவரே, “எல்லாத்தையும் எழுதுங்க, எதையும் மறைக்க வேணாம்” என்று சொன்னதால்தான் இதை எழுதுகிறோம்.

முந்தின நாள் காலை, ஒன்பது நாளாக அவர் கவனித்துவந்த நான்கு வயதுக் குழந்தை அவர் கண்ணெதிரே இறந்துபோனது. யார் மேலும் பிழையில்லை, நோய் முற்றியிருந்தது. குழந்தையின் தாய் வெகுநேரம் அவர் கையை விடவில்லை. அரை மணி நேரத்தில் அடுத்த கட்டிலுக்கு அழைத்தார்கள். அங்கே குழந்தைகள் பிரிவுத் தலைவர் ஓர் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார். அதுவரை மனப்பாடமாக இருந்த எண்கள் நாவில் வரவில்லை. படித்துவிட்டு வருமாறு எல்லோர் முன்னிலையிலும் அனுப்பப்பட்டார். அன்று மாலை தந்தை போனில் விசாரித்தபோது நன்றாக இருப்பதாகச் சொன்னார். மறுநாள், படிப்பிலிருந்து விலகுவதாகவும் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறும் இரண்டே வரி எழுதிக்கொண்டு தங்களிடம் வந்தார்.

தாங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். தேதி இருந்தது, கையெழுத்தும் இருந்தது, காரணம் மட்டும் இல்லை. காரணம் எழுதாத மனுவை வாங்க முடியாது என்று சொல்லி, தங்கள் மேசைக்கருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைத்தாள்களை நீட்டினீர்கள். அவர் ஒரு மணி நேரம் எழுதினார். நான்கு பக்கம்! கண்ணீர் விழுந்த இடமெல்லாம் மை கரைந்தது. எழுதி முடித்ததும் தாங்கள் சன்னலைச் சாத்தினீர்கள். அலுவலக நேரத்தில் அது சாத்தப்பட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். வெளியே வரிசை முணுமுணுத்தது. தாங்கள் நான்கு பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

“நாலு பக்கம் எழுதியிருக்கீங்கம்மா. இந்த வேலை பிடிக்கலன்னு ஒரு இடத்துல கூட எழுதலையே.”

அவர் உடைந்து அழுதார். தாங்கள் அறிவுரை சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தீர்கள், பதினான்கு நாள் விடுப்புக்கான படிவத்தை எடுத்துத் தாங்களே நிரப்பினீர்கள். பிரிவுத் தலைவரின் கையொப்பம் வேண்டும். அவர் முன்னால் போய் நிற்க அந்தப் பெண்ணுக்குக் காலெழவில்லை. எனவே தாங்களே படிவத்தோடு குழந்தைகள் வார்டுக்கு நடந்தீர்கள்.

பிரிவுத் தலைவர் மறுத்தார். ஆள் போதவில்லை என்றார். தாமும் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து வந்ததாகச் சொன்னார். தாங்கள் அறைக் கதவை மூடிவிட்டு, பிறர் காதில் விழாத குரலில் பேசினீர்கள்.

“சார், நான் இங்க டைப்பிஸ்டா சேர்ந்த வருஷம் நீங்க பயிற்சி டாக்டர். பதினோரு நாள் லீவு கேட்டு நீங்க எழுதின மனுவை நான்தான் ஃபைல்ல வெச்சேன். அன்னைக்கு உங்க தலைவர் ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டார்.”

அவர் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையொப்பமிட்டார். அந்த அறையில் நடந்ததைத் தாங்கள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் அமர்ந்திருக்கும் அவரே கடந்த வாரம் எங்களிடம் சொல்லி, மடலில் சேர்க்கச் சொன்னார்.

மகள் பையோடு வந்து நின்றதைப் பார்த்த தையற்காரர் தம் தையல் எந்திரத்தருகே ஒரு முக்காலி போட்டார். ஆறு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மகள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். ஏழாம் நாள் எல்லாவற்றையும் சொன்னார். “படிச்சாலும் சரி, விட்டாலும் சரிம்மா. இனிமே என்கிட்ட நல்லா இருக்கேன்னு பொய் மட்டும் சொல்லாத” என்றார் தந்தை.

பதினைந்தாம் நாள் மகள் வார்டுக்குத் திரும்பினார். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அதன்பின்னும் இரண்டு முறை துணி வைக்கும் அறையில் போய் அழுதார். ஆனால் அழுததை வெளியே சொல்லப் பழகினார். அடுத்து ஒரு குழந்தை இறந்த அன்று, பிரிவுத் தலைவரே அவரைத் தம் அறைக்கு அழைத்துக்கொண்டுபோய் உடன் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே, நோயாளி ஒருவர் இறந்தால் உடனிருந்த பயிற்சி மருத்துவருக்கு அன்று வேறு வேலை தரக்கூடாது, மூத்தவர் ஒருவர் அவரோடு இருக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. அதை மூன்று வரியில் எழுதிக் கொடுத்தவர் தாங்கள். இன்று எல்லா வார்டுகளிலும் அது நடைமுறையில் இருக்கிறது.

அதன்பின் விலகல் மனுவோடு வந்தவர்கள் இன்னும் பலர். எல்லோரையும் தாங்கள் நிறுத்தி வைக்கவில்லை. சிலர் இந்த வேலை தமக்கு உகந்ததல்ல என்றே பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்களை ஒரு நாள்கூட அலையவிடாமல், சான்றிதழ்களைப் புதிய உறையில் இட்டு, இருக்கையிலிருந்து எழுந்து நின்று கொடுத்தீர்கள்.

இனித் தங்கள் தங்கையோடு கடலோரம் குடியேறி நீச்சல் கற்கப் போவதாகச் சொன்னீர்கள். அறுபது வயதிலா என்று கேட்டதற்கு, வயது வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டீர்கள். நாங்களும் தேடிப் பார்த்தோம், எங்கும் எழுதியிருக்கவில்லை.

விழாச் செய்தி அறிந்து, முன்பு படிப்பை விட்டுச் சென்ற ஒருவர் நேற்று தொலைபேசியில் அழைத்தார். இப்போது மரச்சாமான் பட்டறை நடத்துகிறாராம். தம் பெயரைச் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள் என்றார்: “அன்னைக்கு அந்தம்மா எழுந்து நின்னு குடுத்தாங்க. அதனாலதான் நான் தலைகுனியாம வீட்டுக்குப் போனேன்.”

அம்மையீர்! தங்களால் தங்கியவர் சார்பிலும், தங்களால் தலைநிமிர்ந்து சென்றவர் சார்பிலும் கைகூப்புகிறோம். நலிவறியா உடலும் நகை மாறா முகமும் கொண்டு, அலையெல்லாம் தங்கள் கைக்கு வழிவிட, ஆண்டு பல இனிதே வாழ்க!

அன்பு மாறாத,
மாணவர் பிரிவுப் பணியாளர்கள்,
மருத்துவர்கள், செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள்